மஞ்சள் கோட்டு வீடு

திருமலைச்சாமி தன் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வீடு வரைந்துவிட்டார் என்ற செய்தி பழனி அடிவாரத்தில் பரவ ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பால்காரர் பார்த்தார். பூக்கடையில் சொன்னார். பூக்கடையில் சொன்ன எதுவும் ஊருக்குத் தெரியாமல் போனதில்லை.

செய்தி உண்மைதான். தீபாவளி முடிந்த வாரம், ஹாலின் சிவப்புத் தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டிருந்தார். பக்கத்து லாட்ஜில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கோடு போட்டது போக வாளியில் மிச்சமிருந்த பெயிண்ட். தூக்கிப் போடப் போனவர்களிடம் கேட்டு வாங்கியது. ஓசிப் பெயிண்ட் என்பதால் கோடு நல்ல தடிமனாகவே விழுந்திருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. வாசல் வரும் இடத்தில் கோடு கிடையாது. ஜன்னல் வரும் இடத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. பார்க்கிறவர்களுக்கு வீட்டுக்குள் இரண்டு காரும் ஒரு ஆட்டோவும் நிறுத்தப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

திருமலைச்சாமிக்கு அறுபத்தெட்டு வயது. பழனி பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு நேரக்காப்பாளராக இருந்தவர். விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிடும் வேலை. ஒரு நிமிடம் கூடுதலாக நின்ற வண்டியின் டிரைவர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போக முடியாது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், விசிலைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். அதன் பலனை அவர் மனைவி சிவபாக்கியம் அனுபவித்து வருகிறார்.

வீடு திருமலைச்சாமியின் அப்பா கட்டியது. பழனிக்கு நடந்து வருகிறவர்கள் தங்கிப் போகட்டும் என்றே கட்டியது. முன்னால் பெரிய ஹால், அதை அடுத்து நடையின் இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கிணறும் குளியலறையும். முன்பெல்லாம் தைப்பூசத்துக்கு எல்லா அறையிலும் ஆள் படுத்திருக்கும். இப்போது அடிவாரத்தில் லிஃப்ட் வைத்த லாட்ஜ்கள் வந்துவிட்டன. தேவகோட்டைப் பக்கமிருந்து வரும் ஒரே ஒரு பாதயாத்திரைக் குழு மட்டும் இன்னும் இங்கேதான் தங்குகிறது. மற்ற நாளெல்லாம் இத்தனை பெரிய வீட்டில் இரண்டே பேர். சிவபாக்கியம் பின்னாலிருந்து பெருக்கிக்கொண்டு முன்னால் வந்து சேர்வதற்குள் பின்னால் மறுபடி தூசி விழுந்திருக்கும். மழை பெய்தால் மூன்று அறை ஒழுகும்.

வீட்டை விற்றுவிட்டு ஆயக்குடியில் கொய்யாத்தோப்பை ஒட்டிய ஒரு சின்ன வீட்டை வாங்கிவிடலாம் என்பது திருமலைச்சாமியின் திட்டம். அந்த வீட்டுக்காரர் மாசி மாதம் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த வீட்டுக்கும் ஆள் தயார். நாலு கடை தள்ளி எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் குமாரவேல், லாட்ஜ் கட்ட இடம் தேடும் ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருந்தார். திருப்பூரில் இருக்கும் மகள் தேவசேனாவும் சரி என்றுவிட்டாள். பாக்கி இருந்தது சிவபாக்கியம் ஒருவர்தான்.

"உனக்கு இந்த வீட்ட விட மனசு வரலையா?" என்று கேட்டார் திருமலைச்சாமி.

"வீட்டுல என்னங்க இருக்கு? செவுருதான. விசயம் அது இல்ல."

"வேற என்ன?"

"இங்க நீங்க முன்னால இருக்கீங்க, நான் பின்னால இருக்கேன். நடுவுல அத்தன ரூம் கெடக்கு. நீங்க பேசுறதுல பாதி என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள தேஞ்சு போயிருது. அதனாலதான் இத்தன வருசம் சண்டையில்லாம ஓடுச்சு. ஆயக்குடி வீட்டுல நீங்க பேசுறது முழுசும் காதுல விழும். அத நெனச்சாத்தான் பயமா இருக்கு."

திருமலைச்சாமி கோபப்படவில்லை. நேரம் தவறிய பஸ்ஸை வழிக்குக் கொண்டுவருவது போல இதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்பினார். மறுநாள் ஆயக்குடி போய் அந்த வீட்டை டேப் வைத்து அளந்து வந்தார். அதற்கு மறுநாள்தான் பெயிண்ட் வாளி வந்தது.

"இதே அளவுதான். இதுக்குள்ள இருந்து பாப்போம். உடம்பு பழகிருச்சுன்னா மனசு தானா வந்துரும்" என்றார்.

சிவபாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கோட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "சரி. தைப்பூசம் முடியிற வரைக்கும் இருந்து பாக்குறேன். என்னால முடிஞ்சா ஆயக்குடிக்கு வாரேன். முடியலன்னா இந்தப் பேச்ச அதுக்கப்புறம் எடுக்கப்படாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் திருமலைச்சாமி. தைப்பூசம் என்ற சொல்லை அந்த நேரத்தில் வெறும் தேதியாகத்தான் காதில் வாங்கினார்.

அன்றைக்கே பின்கட்டிலிருந்து அடுப்பு கோட்டுச் சமையலறைக்கு வந்தது. கட்டில், நாற்காலி, அண்டா, குண்டான் எல்லாம் உள்ளறைகளில் அடுக்கப்பட்டன. விற்பதற்காம். கோட்டுக்குள் ஒரு பொருள் வந்தால் இன்னொரு பொருள் வெளியே போக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார் திருமலைச்சாமி. முதல் நாளே ரேடியோவைக் கொண்டுவந்தார். சிவபாக்கியம் அவருடைய சாய்வு நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார். ரேடியோ திரும்பிப் போனது. நாற்காலி மட்டும் உள்ளே வரவே இல்லை. ஏனென்றால் அதற்குள் அந்த இடத்தில் அம்மிக்கல் வந்து உட்கார்ந்திருந்தது.

சிக்கனம் திருமலைச்சாமிக்குப் புதிதல்ல. தேய்ந்த சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் புது சோப்பு செய்கிறவர் அவர். காலையில் இறக்கிய டிகாஷன் மண்டியில் சாயங்காலமும் வெந்நீர் ஊற்றச் சொல்வார். அதற்கு சிவபாக்கியம் வைத்திருக்கும் பெயர் ரெண்டாம் ஆட்டம். வீட்டு மளிகை முழுவதும் காலி பஞ்சாமிர்த டப்பாக்களில்தான் இருக்கும். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி. கடுகு எது, டீத்தூள் எது என்று காதோரம் குலுக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேப்பர் குமாரவேல் கடையில் படிப்பார். கண்ணாடியும் குமாரவேலுடையதுதான். இருவருக்கும் ஒரே பவர் என்பது அவருக்குக் கிடைத்த பெரிய லாபம். கோடு போட்ட பிறகு ஒரு பல்பு, ஒரு மின்விசிறி, ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று எல்லாம் இன்னும் சுருங்கியது.

சுவர்தான் பிரச்சினை. இல்லாத சுவரை உடம்பு எப்படி மதிக்கும்? சிவபாக்கியம் அடுப்பிலிருந்து நேராக ஹால் கதவுக்கு நடப்பார். விசில் பறக்கும்.

"சுவர்! சுவர்! ரெண்டு சுவர இடிச்சுட்டுப் போற!"

"குக்கர் சத்தம்னு நெனச்சு அடுப்ப அணைக்கப் போனேன். இப்ப எது குக்கர், எது நீங்கன்னே தெரியலையே."

பின்னால் இருக்கும் குளியலறைக்குப் போகவும் கோட்டு வாசல் வழியாக வெளியே வந்து, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். "வெள்ளனே எந்திரிச்சு கண்ணத் தொறக்காம நேராப் போயிட்டு இருந்தேன். இப்ப கிரிவலம் வந்துல்ல போக வேண்டியிருக்கு" என்று பூக்கடையில் சொல்லிச் சிரித்தார் சிவபாக்கியம்.

ஒருநாள் தேவசேனா வீடியோவில் கூப்பிட்டாள். "ஏம்மா ஹால்ல உக்காந்து வெங்காயம் உரிக்கிற?"

"இது ஹால் இல்லடி, சமையக்கட்டு. உங்கப்பா அங்க பெட்ரூம்ல இருக்காரு."

"எனக்குத் தெரியுறாரேம்மா."

"எனக்குந்தான் தெரியுறாரு. ஆனா நடுவுல செவுரு இருக்கு. நான் அவரப் பாக்கப்படாது."

கோட்டுக்கு அந்தப்புறமிருந்து குரல் வந்தது. "நான் சொன்னேன்னு சொல்லு, ஆயக்குடியில கொய்யா மரத்து நெழல் நேரா ஜன்னல்ல விழுதுன்னு."

"செவுருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுறாங்க. சரியாக் கேக்கல" என்றார் சிவபாக்கியம். தேவசேனா சிரித்த சிரிப்பில் போன் கைதவறி விழுந்து, படம் கொஞ்ச நேரம் திருப்பூர் வீட்டு மின்விசிறியைக் காட்டியது.

மார்கழி வந்தது. நாள் போகப்போக சிவபாக்கியத்துக்குப் பழகிவிட்டது போலத்தான் தெரிந்தது. பெருக்குவது சீக்கிரம் முடிந்தது. பகலில் கொஞ்சம் கண்ணயரவும் முடிந்தது. ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. "தைப்பூசம் முடியட்டும்" என்பதே பதில். திருமலைச்சாமிதான் உள்ளே நிலைகொள்ளாமல் தவித்தார். காலையில் பஸ் நிலையத்துக்குப் போய், யாரும் கேட்காமலே எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று பார்த்துவிட்டு வருவார். பிறகு குமாரவேல் கடை. பிறகு சன்னதி ரோட்டில் ஒரு நடை. வீட்டில் பழகிப் பார்க்க வேண்டியவர் வீட்டில் இருப்பதே குறைவு என்பதை சிவபாக்கியம் கவனித்து வைத்திருந்தார்.

தை பிறந்தது. சாலையெங்கும் பச்சை வேட்டியும் மஞ்சள் சேலையுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் கடையில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த திருமலைச்சாமியிடம் குமாரவேல் கேட்டார்.

"மாமா, உங்க தேவகோட்டைக் கூட்டம் என்னைக்கு வருது?"

திருமலைச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். முகம் மாறியது.

அவர் அதை மறந்தே போயிருந்தார். தைப்பூசத்துக்கு எந்த ஊருக்கு எத்தனை சிறப்புப் பேருந்து விட்டார்கள் என்பதை இன்றைக்கும் ஒப்பிக்கக்கூடியவர், தன் வீட்டுக்கு வரும் கூட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடிவாரத்தில் பிறந்தவருக்குத்தான் இப்படி மறக்கும். அந்தக் கூட்டம் அவருக்கு விருந்தாளி அல்ல, மழைக்காலம் மாதிரி. வீட்டுக்குப் படம் வரைகிறவர் மழைக்காலத்துக்கென்று ஓர் அறை ஒதுக்குவாரா?

ஓடி வந்து சிவபாக்கியத்திடம் சொன்னார். "அவங்க வந்தா கோடு என்னாகும்?"

"அதத்தான் நானும் பாக்கணும்னு இருக்கேன்" என்றார் சிவபாக்கியம், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

அப்போதுதான் திருமலைச்சாமிக்கு விளங்கியது, தைப்பூசத்தை ஏன் கெடுவாக வைத்தார் என்று. கூட்டம் வந்தால் அரை மணி நேரத்தில் கோடு காலுக்கடியில் போய்விடும். அடுப்பு பின்கட்டுக்குப் போகும். சோதனை தோற்றது, பேச்சு முடிந்தது. ஆயக்குடி வீடு வேறு யாருக்கோ போய்விடும். உள்ளறைகளைக் காலி செய்து கொடுக்கலாம் என்றால் அங்கே விற்க வேண்டிய சாமான் கூரை வரை நிற்கிறது.

பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம், குழு வந்து இறங்கியது. கொப்புளம் வெடித்த கால்கள், முதுகில் பைகள், தோளில் காவடிகள், முன்னால் வீரம்மாள். அறுபதை ஒட்டிய வயது. இருபது வருடமாகக் குழுவை நடத்தி வருகிறவர். வழக்கம்போல யாரும் கதவைத் தட்டவில்லை. 'அரோகரா' என்ற சத்தத்தோடு ஹாலுக்குள் நுழைந்தார்கள். திருமலைச்சாமி மஞ்சள் கோட்டோரம் நின்றார். விசில் வாயில் இருந்தது. ஊத மனம் வரவில்லை.

வீரம்மாள் கோட்டைப் பார்த்ததும் நின்றார். பின்னால் வந்த மொத்தக் கூட்டமும் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றது.

"என்னண்ணே, வீட்டுக்குள்ள பார்க்கிங் போட்டிருக்கீக?"

திருமலைச்சாமி சொல்லத் தொடங்கினார். ஆயக்குடி, டேப், சுவர், ஜன்னல் என்று அவர் பாதி சொல்வதற்குள் சிவபாக்கியம் அடுப்படியிலிருந்து ஒரே வரியில் முடித்தார். "கோட்டுக்குள்ள நாங்க குடியிருக்கோம், வீரம்மா."

வீரம்மாள் தலையாட்டினார். பின்னால் திரும்பி உரக்கச் சொன்னார். "ஏலே, எல்லாரும் கேட்டுக்கங்க. மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் உக்காரணும். அந்தப் பக்கம் அக்கா வீடு. எவனும் மிதிக்கப்படாது."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. திண்டுக்கல்லிலிருந்தே வழிநெடுக போலீஸ்காரர்கள் கோட்டைக் காட்டி, "இந்தப் பக்கம் நட, அந்தப் பக்கம் போகாதே" என்று ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தரையில் கோட்டைப் பார்த்தால் ஒதுங்குவது அவர்கள் காலுக்கே பழகியிருந்தது. ஹாலின் மிச்ச இடத்தில் பாயை விரித்தார்கள். நடையிலும் கிணற்றடியிலும் படுத்தார்கள். பைகளைக் கோட்டை ஒட்டி வரிசையாக அடுக்கியதில் இல்லாத சுவர் இடுப்பளவுக்கு எழும்பியே விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்து கோட்டு வாசலில் நின்றாள். "அக்கா, உள்ள வரலாமாக்கா? உப்பு வேணும்."

சிவபாக்கியம் அவளை நிமிர்ந்து பார்த்தார். கரண்டி கையில் அப்படியே நின்றது.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல், தைப்பூசத்தின்போது யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. உப்பு வேண்டுமென்றால் கை நேராக டப்பாவுக்குள் போகும். அவர் படுக்கையில் யாராவது சேலை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அவர் சீப்பில் யார் யார் முடியோ இருக்கும். சாப்பிடத் தட்டைப் போட்டால், "அக்கா கொஞ்சம் நகந்துக்கங்க" என்று ஒரு அண்டா அவரைத் தாண்டிப் போகும். முருகனைப் பார்க்க வந்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

"உள்ள வா" என்றார். அவள் உள்ளே வந்து உப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்தவள் வந்தாள். "அக்கா, வரலாமா?"

சிவபாக்கியம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இப்ப வேணாம். சாப்பிட்டுட்டு இருக்கேன். அப்புறமா வா" என்றார்.

அவள் "சரிக்கா" என்று போய்விட்டாள். நிஜமாகவே போய்விட்டாள். சிவபாக்கியம் சாப்பாட்டைப் பிசைந்தபடி, அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. சாப்பிட்டுவிட்டு, நடு ஹாலில், நாற்பது ஐம்பது பேர் நடுவே, கோட்டுப் படுக்கையறையில் காலை நீட்டிப் படுத்தார். ஒருவரும் எழுப்பவில்லை. "சத்தம் போடாதீகடி, அக்கா உள்ள படுத்திருக்கு" என்று யாரோ அதட்டுவது தூக்கத்தில் கேட்டது.

திருமலைச்சாமியின் நிலைமை வேறாக இருந்தது. கோட்டுக்கு அந்தப்புறம் இராமலிங்கம் என்ற பெரியவர், நத்தம் தாண்டி வழிதப்பிப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிப்பு எதற்கென்று இந்தப்புறம் சரியாகக் கேட்கவில்லை. திருமலைச்சாமி கழுத்தை நீட்டினார். மெல்ல ஒரு காலைத் தூக்கிக் கோட்டுக்கு மேல் வைக்கப் போனார்.

"எங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டார் சிவபாக்கியம். "அங்க செவுரு இருக்கு."

சுற்றிக்கொண்டு கோட்டு வாசல் வழியாகப் போனார். போனவர் திரும்பவில்லை. வழிதப்பிய கதையைக் கேட்டார். பஸ் நிலையத்தில் ஒரு தைப்பூசத்தன்று சேலத்து வண்டியில் ஏற வேண்டியவர்களைத் தேனி வண்டியில் ஏற்றிவிட்ட கதையைச் சொன்னார். கூட்டத்தோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கேயே ஒரு பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். காலையில் குளிக்கப் போகிறவர்களை வரிசையில் நிறுத்தி விசிலும் ஊதினார். ஆளுக்கு ஐந்து நிமிடம். கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. அவருக்குக் கேட்கவே வேண்டாம்.

பூசத்தன்று மலை ஏறினார்கள். தேர் பார்த்தார்கள். மறுநாள் ஊருக்கு பஸ் ஏறக் கிளம்பினார்கள். வீரம்மாள் பைகளைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப அடுத்த வருசம் எங்க வர்றது? இங்கயா, அந்த ஆயக்குடி வீட்டுக்கா?"

திருமலைச்சாமி வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் பதில் வந்துவிட்டது.

"ஆயக்குடிக்கு வாங்க" என்றார் சிவபாக்கியம்.

இத்தனை நாள் எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாரோ அது வந்தாயிற்று. திருமலைச்சாமி மகிழ்ந்திருக்க வேண்டும். அவர் வீரம்மாளைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார், சுருட்டிக் கட்டிய பாய்களைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லு பாக்கியம்" என்றார்.

"யோசிச்சாச்சுங்க. இந்த மூணு மாசமா வேற என்ன சோலி எனக்கு?"

மறுநாள் குமாரவேல் சந்தோஷமாக வந்தார். "மாமா, பார்ட்டி அட்வான்ஸோட ரெடியா இருக்காரு. நாளைக்குக் காலைல வரச் சொல்லட்டுமா?"

"அவசரமா என்ன?"

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க? வெரசா முடி, வெரசா முடின்னு பேப்பர் படிக்கிற நேரம் பூரா சொன்னது நீங்கதான?"

"இல்ல குமாரு. ஆயக்குடி வீட்டுல ஹாலு கொஞ்சம் சின்னதா இருக்கு."

"சின்னதா இருக்குன்னுதான வாங்குறீங்க!"

"காத்து வருமான்னு பாக்கணும். தண்ணி வேற உப்போ என்னவோ. ஒரு வருசம் போகட்டுமே."

குமாரவேல் சிவபாக்கியத்தைப் பார்த்தார். சிவபாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோட்டு வாசல் வழியாக முறைப்படி வெளியே வந்து, கணவருக்கு முன்னால் நின்றார்.

"என்னங்க, என்கிட்ட என்ன பேச்சு பேசுனீங்க? இருந்து பாரு, முடிஞ்சா வான்னு. நான் இருந்து பாத்துட்டேன். முடியுது. நீங்கதான் முத நாளே பாயத் தூக்கிட்டு வெளிய போயிட்டீங்க."

"அது... வந்தவங்களக் கவனிக்க வேணாமா?"

"கவனிங்க. யாரு வேணாம்னா? ஆனா உங்களுக்கு வேண்டியது வீடு இல்லங்க, பஸ் ஸ்டாண்டு. அத ஒத்துக்கங்க மொதல்ல."

குமாரவேல் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். திருமலைச்சாமி கால் விரலால் மஞ்சள் கோட்டைத் தேய்த்தார். பிறகு, தாமதமாக வந்த பஸ்ஸின் டிரைவர் மாதிரி, மெதுவாகச் சொன்னார். "அவங்க சின்ன வீட்டுக்கு வந்தா எங்க படுப்பாங்க, பாக்கியம்? எங்கப்பா காலத்துல இருந்து வர்றவங்க. லாட்ஜுக்குப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

"அதுதானா?" என்றார் சிவபாக்கியம். "வீரம்மாகிட்ட நான் பேசிட்டேன். அவங்க நடந்து வர்ற ரோடே ஆயக்குடி வழியாத்தான். பழனிக்கு முந்தின எடம். அங்க படுத்து எந்திரிச்சு, வெள்ளனே குளிச்சு, நேரா மலைக்கு வந்துருவாங்களாம். எங்களுக்கு நெழலும் தண்ணியும் போதும்னு வீரம்மா சொல்லுது. வீட்டுக்கு முன்னால வெறும் எடம் கெடக்குல்ல, அங்க ஒரு தகரக் கொட்டகை போடுங்க."

திருமலைச்சாமி நிமிர்ந்தார். "கொட்டகை எவ்வளவு பெருசு போடலாம்?"

"உங்க இஷ்டம். வீட்டவிடப் பெருசாக்கூடப் போட்டுக்கங்க. ஆனா கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவுல நெசச் செவுரு இருக்கணும். கதவு இருக்கணும். தாப்பா என் பக்கம் இருக்கணும். உப்பு வேணும்னாலும் தட்டிட்டுத்தான் கேக்கணும்."

"நானுமா?"

"நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்கங்கிறதப் பொறுத்து."

அட்வான்ஸ் கை மாறியது. மாசியில் குடி போனார்கள். உள்ளறைச் சாமான்களில் முக்கால்வாசி விற்றாயிற்று. அண்டாவும் குண்டானும் மட்டும் கொட்டகைக்குப் போயின. கொட்டகை உண்மையிலேயே வீட்டைவிடப் பெரிதாகத்தான் எழும்பியது. சாலையில் போகிறவர்கள் கொட்டகையைக் கல்யாண மண்டபம் என்றும், வீட்டை அதன் ஸ்டோர் ரூம் என்றும் நினைத்துக்கொண்டார்கள். சின்ன வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இப்படி ஒன்றைக் கட்டியது உலகத்தில் தன் அப்பா ஒருவர்தான் என்று தேவசேனா சொல்கிறாள்.

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வாரம் இருந்தது. சாலையில் மறுபடி ஆள் நடமாட்டம் தொடங்கியிருந்தது. மத்தியான வெயிலில் திருமலைச்சாமி கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, போகிற ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எப்போது கிளம்பினீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றார் சிவபாக்கியம் உள்ளிருந்து.

"நான்தான்."

"எத்தன பேரு?"

வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏழு பேரு. அரவக்குறிச்சிக்காரங்களாம். நல்ல மனுசங்க."

"நல்ல மனுசங்கன்னா நெழல்ல உக்காரச் சொல்லுங்க" என்றார் சிவபாக்கியம். தாழ்ப்பாள் அசையவில்லை. "நீங்களும் அங்கயே இருங்க. மோரு வருது."